முதன்முறை டெர்மினலைத் திறக்கும் தம்பி, தங்கையருக்கு





கல்லூரி லேபில் லினக்ஸ் பாடத்தை முடித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்கும், விண்டோஸ் மடிக்கணினியிலேயே டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டுவைத் திறந்து பார்த்தவர்களுக்கும், மேக் வாங்கிய பிறகே டெர்மினல் என்று ஒன்று இருப்பதைக் கவனித்தவர்களுக்கும் சேர்த்து எழுதப்படும் மடல் இது. ஷெல்லில் ஒரு கருவியை நிறுவி, அதைத் தன் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது எப்படி என்பதே இதில் பேச்சு.

கருவிகளின் பெயர்ப்பட்டியல் உங்களிடம் ஏராளமாக இருக்கும். யாரோ ஒருவர் வீடியோவில் வண்ணவண்ணமாக ஒரு டெர்மினலைக் காட்டுகிறார், கீழே நாலு வரி கொடுக்கிறார். காப்பி, பேஸ்ட், என்டர். ஓடினால் மகிழ்ச்சி. ஓடாவிட்டால் வேறோர் இடத்திலிருந்து இன்னும் நாலு வரி. சில மாதம் போனதும் ஷெல் திறக்கவே திணறுகிறது, எந்த வரி எதற்காக இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை, எதையாவது எடுத்தால் எது உடையுமோ என்ற பயம் வேறு. இந்த நிலைக்கு வராமல் இருக்க வழி உண்டு. ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அது உங்கள் ஷெல்லுக்குள் எந்தக் கோப்பின் வழியாக, எந்த வரியால் நுழைகிறது என்று தெரிந்துகொண்டு நிறுவுங்கள். இரண்டாவது கருவியிலிருந்து எல்லாம் எளிதாகிவிடும்.

உதாரணத்துக்கு எஃப்இசட்எஃப் என்ற கருவியை எடுத்துக்கொள்ளலாம். தென்கொரியாவைச் சேர்ந்த ஜுனெகுன் சோய் 2013-ல் இதை எழுதத் தொடங்கினார். விம் எடிட்டர்காரர்களுக்குப் பழக்கமான விம்-பிளக் என்ற செருகுநிரலும் அவர் எழுதியதே. எஃப்இசட்எஃப் முதலில் ரூபி மொழியில் இருந்தது. 2015-ல் கோ மொழிக்கு மாற்றி எழுதப்பட்டதும் வேகம் பிடித்தது, ஒரே கோப்பாகக் கணினியில் வந்து உட்காரும் வசதியும் கிடைத்தது. எம்ஐடி உரிமத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

அது செய்யும் வேலை மிகச் சிறியது. ஒரு பட்டியலை உள்ளே வாங்கும், திரையில் விரிக்கும், நீங்கள் அடிக்கும் எழுத்துகளுக்கேற்ப அதைச் சுருக்கிக்கொண்டே வரும், நீங்கள் தேர்ந்தெடுத்த வரியை வெளியே தரும். அவ்வளவுதான். அந்தப் பட்டியல் கோப்புகளாக இருக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களாக இருக்கலாம், கிட் கிளைகளாக இருக்கலாம், நீங்கள் இதுவரை அடித்த கமாண்டுகளாக இருக்கலாம். 1973-ல் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் கென் தாம்சன் யுனிக்ஸில் பைப் வசதியைச் சேர்த்தார். ஒரு நிரல் துப்புவதை அடுத்த நிரல் வாங்கிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டின் நடுவில், மனிதர் ஒருவர் தேர்வு செய்ய ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்ததுதான் எஃப்இசட்எஃப்பின் சாதனை. ஐம்பது ஆண்டுப் பழைய ஏற்பாட்டில் இவ்வளவு இயல்பாகப் பொருந்திய புதுக் கருவிகள் குறைவு.

இனி நிறுவுவதற்கு வருவோம். முதல் வழுக்கல் இங்கேதான்.

உபுண்டுவிலோ டெபியனிலோ இருப்பவர்கள் சுடோ, ஆப்ட், இன்ஸ்டால், எஃப்இசட்எஃப் என்று நாலு சொல்லை அடித்தால் கருவி வந்துவிடும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸ் நினைவிருப்பவர்களுக்கும் இந்த ஆப்ட் புதிதல்ல. பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. மேக்கில் ஹோம்புரூ இருந்தால் புரூ இன்ஸ்டால் போதும். மூன்றாவது வழி, கருவியின் கிட் களஞ்சியத்தை அப்படியே வீட்டு அடைவுக்குள் குளோன் செய்து, அதிலுள்ள நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டுவது.

ஆப்ட் வழியில் போன ஒருவர், அடுத்து கருவியின் அதிகாரபூர்வக் குறிப்பைப் படிக்கிறார். 'எஃப்இசட்எஃப், இரட்டைக் கோடு, பாஷ்' என்ற கமாண்டின் விடையை ஷெல் தொடங்கும்போதே இயக்கும்படி ஒரே ஒரு வரி போடச் சொல்கிறது குறிப்பு. போடுகிறார். ஷெல்லைத் திறந்தால் 'தெரியாத ஆப்ஷன்' என்று பிழை. குறிப்பும் சரி, அவர் அடித்ததும் சரி. பிறகு ஏன்? அந்த இரட்டைக் கோடு பாஷ் என்ற ஆப்ஷன் 2024-ல் வந்த 0.48 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. உபுண்டு 24.04-ன் களஞ்சியத்தில் இருப்பது 0.44 வரிசை. 22.04-ல் 0.29. டெபியன் 12-ல் 0.38. கருவி பழையது, படித்த குறிப்பு புதியது.

இந்த இடத்தில்தான் பலர் கருவியைத் தூக்கியெறிகிறார்கள், அல்லது கண்ணில் பட்ட வேறு வரிகளை எல்லாம் ஒட்டத் தொடங்குகிறார்கள். செய்ய வேண்டியது இரண்டே காரியம். கருவியின் பெயரோடு இரட்டைக் கோடு வெர்ஷன் என்று அடித்து உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பிறகு அந்தப் பொதியோடு வந்த குறிப்பைப் படியுங்கள். டெபியன், உபுண்டு பொதிகள் தங்கள் குறிப்புகளை யூஎஸ்ஆர், ஷேர், டாக் என்ற அடைவுக்குக் கீழே பொதியின் பெயரில் வைத்திருக்கும். எஃப்இசட்எஃப்புக்கான அடைவில் ரீட்மீ டெபியன் என்று ஒரு சிறு கோப்பு உண்டு. அதன் பக்கத்திலேயே எக்சாம்பிள்ஸ் என்ற அடைவு. அதற்குள் பாஷ் ஷெல்லுக்கு ஒன்று, இசட் ஷெல்லுக்கு ஒன்று என்று விசைச் சேர்க்கைகளுக்கான கோப்புகள் தயாராக இருக்கும். பழைய பதிப்புக்காரர்கள் அந்தக் கோப்பை சோர்ஸ் செய்யும் வரியைப் போட்டால் வேலை முடிந்தது. இணையம் இல்லாத இடத்திலும் படிக்கக்கூடிய, உங்கள் பதிப்புக்கே உரிய விளக்கம் உங்கள் வட்டிலேயே கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்கிற பழக்கம் இந்தத் தொழிலில் பெரிய சொத்து.

புதிய பதிப்பேதான் வேண்டும் என்றால் கிட் குளோன் வழி நல்லது. அதன் நிறுவல் ஸ்கிரிப்ட், உங்கள் ஷெல் கோப்பில் வரி சேர்க்கட்டுமா என்று உங்களைக் கேட்டுவிட்டே சேர்க்கும். கேட்காமல் சேர்க்கும் கருவிகளும் இருக்கின்றன என்பதால் இந்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும்.

இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை கர்ல் மூலம் இழுத்து நேரே பாஷுக்குள் ஊற்றும் ஒற்றை வரி நிறுவல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படிச் செய்யும்போது, யாரோ எழுதிய நிரலை ஒரு வரிகூடப் பார்க்காமல் உங்கள் பெயரில், உங்கள் உரிமைகளோடு ஓட விடுகிறீர்கள். கோட்கவ் என்ற நிறுவனத்தின் பாஷ் அப்லோடர் ஸ்கிரிப்டை ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 ஜனவரி 31 முதல் யாரோ உள்ளே புகுந்து அதை மாற்றிவைத்தார்கள். ஓடும் இடத்தில் உள்ள சூழல் மாறிகளை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பும் வரி அதில் சேர்ந்திருந்தது. சூழல் மாறிகளில்தான் கடவுச் சாவிகளும் டோக்கன்களும் இருக்கும். ஏப்ரல் 1 அன்று ஒரு வாடிக்கையாளர், தான் இறக்கிய ஸ்கிரிப்டின் சரிபார்ப்பு எண் வெளியிடப்பட்ட எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று கவனித்துச் சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதம், ஒரே ஒருவரின் கவனம். ஹாஷிகார்ப் போன்ற பெரிய நிறுவனம்கூட அதன் விளைவாகத் தன் கையொப்பச் சாவியை மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்காகக் களஞ்சியப் பொதிகளுக்கு ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது அம்பலமானது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப் போய்க் கிடைத்தது அது. உபுண்டு 24.04-ன் பீட்டா வெளியீடே இதனால் ஒரு வாரம் தள்ளிப்போனது. பொதிகளை எல்லாம் மறுபடி கட்டினார்கள். நிலையான பதிப்புகள் தப்பித்தன, ஏனென்றால் அவற்றில் பழைய எக்ஸ்இசட்தான் இருந்தது. சற்று முன் நம்மைக் கடுப்பேற்றிய அந்தப் பழைய பதிப்புக் கொள்கைக்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு. ஆகவே தொடங்குபவர்களுக்கு இம்மடலின் பரிந்துரை ஆப்ட் அல்லது ஹோம்புரூ. ஸ்கிரிப்ட் வழியே வேண்டுமென்றால் முதலில் கோப்பாக இறக்கி, லெஸ் மூலம் திறந்து படித்துவிட்டு ஓட்டுங்கள். பல நிறுவல் ஸ்கிரிப்டுகள் சில நூறு வரிக்கு மேல் போகாது. முழுவதும் புரியாவிட்டாலும், எந்தக் கோப்பில் கை வைக்கிறது, எங்கிருந்து எதை இறக்குகிறது என்பது புரிந்துவிடும்.

கருவி வந்துவிட்டது. அது ஷெல்லோடு சேர வேண்டுமே. எந்தக் கோப்பில் வரியைப் போடுவது? நிறுவலில் பாதிப் பிரச்சினை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பாஷ் தொடங்கும்போது தான் எப்படித் திறக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும். லாகின் ஷெல் என்றால் டாட் பாஷ் புரொஃபைலைப் படிக்கும், அது இல்லாவிட்டால் டாட் புரொஃபைலை. உபுண்டு டெஸ்க்டாப்பில் டெர்மினல் சன்னலைத் திறந்தால் அது லாகின் ஷெல் அல்ல, வெறும் ஊடாடும் ஷெல். அப்போது படிக்கப்படுவது டாட் பாஷ்ஆர்சி மட்டும். மேக்கிலோ டெர்மினல் ஒவ்வொரு சன்னலையும் லாகின் ஷெல்லாகவே திறக்கிறது. அதனால் மேக்கில் பாஷ் வைத்திருப்பவர் பாஷ்ஆர்சியில் போட்ட வரி ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புவது வாடிக்கை. 2019-ல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பு ஷெல் இசட் ஷெல் ஆகிவிட்டது. அது ஊடாடும் ஷெல் எதுவானாலும் டாட் இசட்எஸ்எச்ஆர்சியைப் படித்துவிடும் என்பதால் குழப்பம் குறைந்தது. எது உங்கள் ஷெல் என்று சந்தேகம் இருந்தால், எக்கோ போட்டு டாலர் குறியோடு பூஜ்யம் என்று அடியுங்கள், அதுவே சொல்லிவிடும்.

உபுண்டு தரும் டாட் பாஷ்ஆர்சியைத் திறந்தால் மேலேயே ஒரு சிறு கேஸ் கூற்று தெரியும். இது ஊடாடும் ஷெல் இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு என்கிறது அது. அந்த வரிகளை மதிக்க வேண்டும். உங்கள் கருவிக்கான வரிகள் எல்லாம் அதற்குக் கீழே, கூடுமானவரை கோப்பின் கடைசியில் இருக்கட்டும். காரணம் இருக்கிறது. வேறொரு கணினியிலிருந்து எஸ்சிபி போட்டுக் கோப்பு அனுப்பும்போதும் சர்வரில் பாஷ் எழுந்து இந்தக் கோப்பைப் படிக்கும். அந்தக் கேஸ் கூற்றுக்கு மேலே யாராவது 'வணக்கம்' என்று அச்சிடும் வரியைப் போட்டுவிட்டால், அந்த வணக்கம் கோப்புப் பரிமாற்றத்தின் நடுவே போய் விழுந்து அதைக் கெடுத்துவிடும். நெட்வொர்க்கையும் ஃபயர்வாலையும் மணிக்கணக்கில் சந்தேகித்த பிறகே பலர் இந்த வரிக்கு வந்து சேர்கிறார்கள்.

கை வைக்கும் முன் நகல். பாஷ்ஆர்சியை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தி முடித்ததும், பாஷ், ஒற்றைக் கோடு, என் என்ற எழுத்து, பிறகு கோப்பின் பெயர் என்று அடித்தால் பாஷ் அதை ஓட்டாமல் இலக்கணப் பிழை மட்டும் பார்த்துச் சொல்லும். பிறகு புதிதாக ஒரு சன்னலைத் திறந்து சோதியுங்கள். பழைய சன்னலை மூடாதீர்கள். தொலைவில் உள்ள சர்வரில் வேலை செய்யும்போது இது கட்டாயம். கோப்பு உடைந்து புதிய ஷெல் திறக்க மறுத்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் அந்தச் சன்னல்தான் உங்களைக் காப்பாற்றும். உங்கள் மேசைக் கணினியிலேயே மாட்டிக்கொண்டால் நோஆர்சி என்ற ஆப்ஷனோடு பாஷைத் திறக்கலாம், கோப்பைப் படிக்காமல் எழும்.

இப்போது வரி சேர்ந்தாயிற்று, சன்னல் திறந்தாயிற்று. கன்ட்ரோலோடு ஆர் விசையை அழுத்துங்கள்.

பாஷில் கன்ட்ரோல் ஆர் ஏற்கெனவே உண்டு. ரீட்லைன் என்ற நூலகம் தரும் பின்னோக்கித் தேடல் அது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருத்தத்தைத்தான் காட்டும், அடித்த எழுத்துகள் அப்படியே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கும். எஃப்இசட்எஃப் அதே விசையை எடுத்துக்கொண்டு முழுக் கமாண்ட் வரலாற்றையும் பட்டியலாக விரிக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஆர்சிங்க் போட்டு ஒரு புராஜெக்ட்டை பேக்கப் எடுத்தீர்கள். எத்தனை ஆப்ஷன், எந்த அடைவை விலக்கினீர்கள் என்பதெல்லாம் நினைவில் இல்லை. ஆர்சிங்க்கின் முதல் மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பேக்கப்பின் முதல் நாலு எழுத்து. ஆயிரம் வரி இருந்த இடத்தில் மூன்று வரி நிற்கும். அம்புக்குறியால் நகர்ந்து என்டர் தட்டினால் அந்த நீண்ட கமாண்ட் உங்கள் வரியில் வந்து உட்காரும். உடனே ஓடாது. பார்த்து, தேதியையோ அடைவையோ திருத்தி, இன்னொரு என்டர் தட்டினால்தான் ஓடும். அழிக்கும் கமாண்டுகளும் வரலாற்றில் இருக்கும் என்பதால் இந்த நிதானம் மிகவும் தேவையானது.

தேடலுக்கு அதிலேயே சில குறிகள் உண்டு. ஒற்றை மேற்கோளை முன்னால் போட்டால் எழுத்துகள் பிரியாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று பொருள். மேல்கூர்க் குறி போட்டால் வரி அதில் தொடங்க வேண்டும், இறுதியில் டாலர் போட்டால் அதில் முடிய வேண்டும், வியப்புக்குறி போட்டால் அது இருக்கும் வரிகள் வேண்டாம். கிட் புஷ் வேண்டும், ஆனால் ஃபோர்ஸ் போட்டவை வேண்டாம் என்று தேட இது போதும்.

ஆனால் வரலாறே இல்லாத இடத்தில் எதைத் தேடுவது? கருவியை நிறுவியவர்களில் பலர் தொடாமல் விடுகிற இடம் இது. பாஷ் தானாக நினைவில் வைப்பது 500 கமாண்டுகள்தான். உபுண்டு தன் பாஷ்ஆர்சியில் அதை 1000 ஆகவும், கோப்பில் சேமிப்பதை 2000 ஆகவும் உயர்த்தி வைத்திருக்கிறது. தினமும் டெர்மினலில் உழல்பவருக்கு அது சில வாரக் கணக்கு. ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் என்று இரண்டு மாறிகள் அந்தக் கோப்பிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புதிதாக வரி எழுதாமல் இருக்கும் எண்ணையே 50,000 என்று மாற்றுங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இடத்தில் எழுதினால் கீழே உள்ளதுதான் நிற்கும், பிறகு எண் ஏன் மாறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மேக்கின் இசட் ஷெல்லில் இவை ஹிஸ்ட்சைஸ், சேவ்ஹிஸ்ட் என்று வரும். பல சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களுக்கு ஹிஸ்ட்அப்பெண்ட் என்ற அமைப்பு அவசியம். அது இல்லாவிட்டால் கடைசியாக மூடும் சன்னல் மற்றவற்றின் வரலாற்றை அழித்துவிடும். உபுண்டு அதைத் தானே போட்டுத்தான் தருகிறது.

வரலாறு பெருகப் பெருகப் பொறுப்பும் கூடுகிறது. அந்தக் கோப்பு வெறும் உரைக் கோப்பு. தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கமாண்ட் வரியிலேயே அடித்திருந்தால் அது அங்கேயே கிடக்கும். இனி கன்ட்ரோல் ஆர் தட்டும்போதெல்லாம், பக்கத்தில் நிற்பவர் பார்க்க, திரையில் விரியவும் செய்யும். உபுண்டுவில் ஹிஸ்ட்கன்ட்ரோல் என்ற மாறி இக்னோர்போத் என்று வைக்கப்பட்டிருக்கிறது. அதன்படி, அடுத்தடுத்து வரும் ஒரே கமாண்ட் ஒருமுறைதான் பதிவாகும், இடைவெளியோடு தொடங்கும் கமாண்ட் பதிவாகவே ஆகாது. ரகசியம் எதையாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். மேக் இசட் ஷெல்காரர்கள் ஹிஸ்ட் இக்னோர் ஸ்பேஸ் என்பதைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

கன்ட்ரோல் ஆர் போக இன்னும் இரண்டு சேர்க்கைகள் வருகின்றன. கன்ட்ரோல் டி (D அல்ல, T) தட்டினால் இப்போதுள்ள அடைவுக்குக் கீழே இருக்கும் கோப்புகளின் பட்டியல், தேர்ந்தெடுத்த பெயர் வரியில் வந்து ஒட்டும். ஆல்ட் சி தட்டினால் அடைவுகளின் பட்டியல், தேர்ந்ததும் நேரே அங்கே போய்விடும். மேக்கின் டெர்மினலில் ஆல்ட் சி அழுத்தினால் வாலோடு ஒரு விசித்திர எழுத்து விழும். அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குப் போய் ஆப்ஷன் விசையை மெட்டா விசையாகப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். நிரப்பு வசதிக்கான கோப்பையும் சேர்த்திருந்தால், கில் என்று அடித்து இடைவெளி விட்டு இரண்டு நட்சத்திரக் குறியும் டேப்பும் தட்டலாம். ஓடும் புராசஸ்கள் வரிசையாக வந்து நிற்கும், எண்ணைத் தேடிக் குறித்துவைக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் என்று அடித்து அதையே செய்தால், உங்கள் கட்டமைப்புக் கோப்பில் உள்ள சர்வர்களின் பெயர்கள் வரும்.

கோப்புப் பட்டியலைத் தருவதற்கு எஃப்டி என்ற கருவியைச் சேர்த்துக்கொள்வதும், முன்னோட்டம் காட்ட பேட் என்ற கருவியைச் சேர்த்துக்கொள்வதும் வழக்கம். எஃப்டி, கிட் விலக்கச் சொன்ன கோப்புகளைத் தானே விட்டுவிடும் என்பதால் நோட் மாட்யூல்ஸ் போன்ற குப்பை பட்டியலில் வராது. டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த இரண்டுக்கும் வேறு பெயர். எஃப்டி அங்கே எஃப்டிஃபைண்டு, பேட் அங்கே பேட்கேட். அந்தப் பெயர்களில் ஏற்கெனவே வேறு நிரல்கள் இருந்ததால் மாற்றினார்கள். நிறுவிய கருவி 'கமாண்ட் கிடைக்கவில்லை' என்று சொன்னால், நிறுவல் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டும் முன் பெயரைச் சரிபாருங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கிட் தன் கோப்புப் பட்டியலைத் தரும்போது ஆங்கிலமல்லாத எழுத்துகளை எண்களாக மாற்றிவிடும். 'அறிக்கை' என்று நீங்கள் வைத்த பெயர் \340\256\205 என்று தொடங்கி, பின்சாய்கோடுகளும் எண்களுமாக நீளும். அந்தப் பட்டியலை எஃப்இசட்எஃப்புக்குள் ஊற்றினால் தமிழில் தேட முடியாது, கோப்பே இல்லாதது போல இருக்கும். கிட் அமைப்புகளில் கோர் குவோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் தமிழ் தமிழாகவே வரும், தமிழ் விசைப்பலகையில் அடித்துத் தேடவும் முடியும். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும் குறை இன்னும் இருக்கிறது. ஆனாலும் தேடல் சரியாகவே நடக்கும். தமிழில் பெயர் வைப்பதைக் கைவிட அது காரணமாக வேண்டாம்.

அமைப்பதில் எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எஃப்இசட்எஃப்புக்கு ஆப்ஷன்கள் நூற்றுக்கு மேல். எஃப்இசட்எஃப் டீஃபால்ட் ஆப்ட்ஸ் என்ற மாறியில் உயரம் 40 சதவீதம், பட்டியல் மேலிருந்து கீழாக, சுற்றிலும் ஒரு கோடு என்று மூன்றைப் போட்டால் திரை முழுவதையும் அது விழுங்காது, மேலே உள்ள பழைய வெளியீட்டைப் பார்த்துக்கொண்டே தேடலாம். ஒரு மாதம் அதோடு இருங்கள். பிறகு எது குறைகிறது என்று கையே சொல்லும்.

ஒவ்வொரு சன்னல் திறக்கும்போதும் இந்தக் கோப்பு முழுவதும் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. ராபி ரஸ்ஸல் 2009-ல் தொடங்கிய ஓ மை இசட்எஸ்எச் மிக நல்ல முயற்சி, பல லட்சம் பேரை இசட் ஷெல்லுக்கு அழைத்து வந்தது. ஆனால் அதில் உள்ள செருகுநிரல்களை எல்லாம் ஆசைக்கு இயக்கிவிட்டு, கூடவே நோட் பதிப்புகளைக் கையாளும் என்விஎம்மையும் இசட்எஸ்எச்ஆர்சியில் ஏற்றினால், டெர்மினல் திறந்து கர்சர் வரக் காத்திருக்க வேண்டிவரும். டைம் என்ற கமாண்டை முன்னால் போட்டு, ஊடாடும் ஷெல் ஒன்றைத் திறந்து உடனே மூடச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரியும். புதுக் கருவி சேர்க்கும் முன் ஒருமுறை, சேர்த்த பின் ஒருமுறை. எண் எகிறினால் அந்தக் கருவியின் வரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் பலர் ஒரே கணக்கில் நுழையும் சர்வர் இருந்தால், அங்கே உங்கள் விருப்பங்களைத் திணிக்காதீர்கள். கன்ட்ரோல் டி ரீட்லைனில் வேறொரு வேலைக்கு இருக்கிறது, இரண்டு எழுத்துகளை இடம் மாற்றும். பழகிய ஒருவர் நள்ளிரவில் சர்வர் விழுந்து அவசரத்தில் வரும்போது அவர் விரலுக்குப் பழக்கமில்லாத பட்டியல் எழக் கூடாது. உங்கள் அமைப்பு உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

உங்கள் பாஷ்ஆர்சியையும் மற்ற டாட் கோப்புகளையும் ஒரு கிட் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினாலும் மடிக்கணினி மாறினாலும் அரை மணியில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்கு, கருவியின் எந்தப் பதிப்புக்கு என்று ஒரு கருத்து வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம், பாஷுக்கு ஆட்சேபம் கிடையாது. டோக்கன்களும் கடவுச்சொற்களும் அந்தக் களஞ்சியத்துக்குள் போகவே கூடாது. அவற்றுக்குத் தனிக் கோப்பு வைத்து, கிட் கண்ணில் படாதபடி விலக்கிவிடுங்கள்.

எஃப்இசட்எஃப் கைவந்த பிறகு சாக்ஸைட் பக்கம் போங்கள். அஜீத் டிசூசா ரஸ்ட் மொழியில் எழுதியது. நீங்கள் அடிக்கடி போகும் அடைவுகளை நினைவில் வைத்து, பெயரின் துண்டைச் சொன்னால் அங்கே கொண்டுபோய் விடும். அதுவும் பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒரே ஒரு வரியாகத்தான் உட்காரும், அந்த வரி என்ன செய்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அடுத்து வரும் தம்பியோ தங்கையோ இதே கேள்வியோடு வருவார்கள். அவர்களுக்கு உங்கள் பாஷ்ஆர்சியை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுடைய கோப்பைத் திறக்கச் சொல்லி, கேஸ் கூற்றுக்குக் கீழே முதல் வரியை அவர்கள் கையாலேயே அடிக்க வையுங்கள்.